கழற்றி எடுத்துப் போகக்கூடிய செய்தித் தளம்

பி2 என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதிய மிஷெல் வால்ட்ரிகி ஒரு கட்டத்தில் அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அதை நம்பித் தளம் நடத்தியவர்கள் நடுத்தெருவில் நின்றிருக்க வேண்டியவர்கள். அதன் உரிமம், யாரும் நிரலை எடுத்து மாற்றி வெளியிட அனுமதிக்கிற ஜிபிஎல் என்பதால் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அதே நிரலை எடுத்து மேற்கொண்டு எழுதினார்கள். 2003 மே 27 அன்று அது வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளிவந்தது. 2005-இல் மாம்போ என்ற தள மென்பொருளிலிருந்து ஜூம்லா பிரிந்ததும், 2009-இல் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து மரியாடிபி பிரிந்ததும் இதே பாதையில்தான்.

சமூகச் செய்தித் தளம் தொடங்குகிறவர்கள் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளைத் தேடிவரும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது ‘காசு வேண்டாம்’ என்பது. உண்மையில் சர்வர் வாடகை, டொமைன் எனும் தளப்பெயருக்கான கட்டணம், மின்னஞ்சல் சேவை, பராமரிக்கிற ஆளின் நேரம் என்று செலவு இருக்கத்தான் செய்கிறது. காசைவிடப் பெரிய ஆதாயம், வேண்டாம் என்று தோன்றும் நாளில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம் என்பது. ஆனால் மென்பொருள் திறமூலமாக இருந்தால் மட்டும் அந்த உரிமை கைக்கு வந்துவிடாது. தவறான ஒரு ப்ளகின் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்), தனிநபர் பெயரில் பதிந்த ஒரு டொமைன், அதே சர்வரிலேயே கிடக்கும் ஒரு பேக்அப் ஆகியவற்றில் எது ஒன்றும் போதும், தளம் அசையாமல் மாட்டிக்கொள்ள. ஆகவே ஒவ்வொரு முடிவின்போதும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இதைக் கழற்றி எடுத்துப் போக முடியுமா?

எதை எடுப்பது

தளம் அமைக்கும் மென்பொருள்களில் வேர்ட்பிரஸ், கோஸ்ட், ட்ரூபல், ஹ்யூகோ ஆகிய நான்கும்தான் பெரும்பாலும் பேச்சில் வரும். 2001-இல் வெளியான ட்ரூபல், செய்தியோடு தரவும் சேர்த்து வைக்கிறவர்களுக்கு ஏற்றது: உறுப்பினர் பட்டியல், வாக்குப்பதிவு விவரம், திட்டச் செலவுக் கணக்கு போன்றவை. அதைப் பராமரிக்கத் தெரிந்த நிரலாளர் நிரந்தரமாகக் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம். ஹ்யூகோ நிலையான பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடும். தரவுத்தளம் கிடையாது, உள்நுழையும் பக்கமும் கிடையாது என்பதால் திருடன் நுழைய வாசல் குறைவு. ஆனால் கைபேசியிலிருந்து அவசரச் செய்தி போட நினைக்கிற நிருபருக்கு அது பெரிய தலைவலி.

2013-இல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய கோஸ்ட், பின்னாளில் மின்னஞ்சல் மடலையும் சந்தாவையும் மையமாக வைத்தது. வாசகர் கட்டணத்தில் நடக்கப்போகிற தளம் என்றால் அதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். மொத்தமாக மடல் அனுப்ப மெயில்கன் சேவையோடுதான் அது இணையும்; கடவுச்சொல் மீட்பு போன்ற தனி அஞ்சல்களுக்கு வேறு அமைப்பு. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு, மடல் ஏன் போகவில்லை என்று நாள் முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு.

மற்ற எல்லோருக்கும் வேர்ட்பிரஸ். அழகான நிரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பொறுப்பில் இருந்தவர் விலகினால் அடுத்தவரைக் கண்டுபிடிப்பது இதில்தான் எளிது. தன்னார்வலர்கள் வந்து போகிற குழுவுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இழுத்து ஒட்டிப் பக்கம் வடிவமைக்கிற பேஜ் பில்டர் ப்ளகின்களில் பல, செய்தியின் உடலுக்குள்ளேயே தங்கள் சொந்தக் குறிகளைத் திணித்துவிடும். இரண்டு ஆண்டு கழித்து அந்த ப்ளகினை அணைத்துப் பார்த்தால், பத்தி பத்தியாகச் சதுர அடைப்புக்குறிகள் நிற்கும். செய்தி அதற்குள் புதைந்திருக்கும். வேர்ட்பிரஸின் சொந்தத் தொகுப்பான் அப்படிச் செய்வதில்லை. சாதாரண எச்டிஎம்எல் எழுதி, தன் குறிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாத கமென்ட்டாக வைக்கிறது. எந்த ப்ளகினையும் ஏற்கும் முன் சோதனைத் தளத்தில் ஒரு செய்தி எழுதி, ப்ளகினை அணைத்து, செய்தி செய்தியாகவே நிற்கிறதா என்று பாருங்கள். தளத்தின் தோற்றத்தைத் தருகிற தீமின் கோப்புகளிலும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் முழுவதும் அழிந்துபோகும். திருத்தங்களைத் தனியே வைக்கிற சைல்ட் தீம் என்ற ஏற்பாடு இருப்பது அதற்காகத்தான்.

சர்வர்: சின்னக் கணக்கு, பெரிய விபத்து

தொடக்கத்தில் 2 ஜிபி நினைவகம், 1 அல்லது 2 செயலி, 40 ஜிபி வட்டு உள்ள ஒரு மெய்நிகர் சர்வர் போதும். இயங்குதளமாக நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு அல்லது டெபியன், பக்கங்களை வாசகருக்கு அனுப்ப என்ஜினெக்ஸ், அவற்றை உருவாக்க பிஎச்பி, தரவுத்தளமாக மரியாடிபி. 1 ஜிபியிலும் ஓடும். ஆனால் விபத்து நடக்கும் இடம் அதுதான். நடக்கிற விதம் இது.

வேர்ட்பிரஸ் பக்கம் ஒன்றை உருவாக்க பிஎச்பியின் ஒரு வேலையாள் செயல்முறை தேவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 எம்பி நினைவகம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். உபுண்டுவில் இயல்பாக 5 வேலையாட்கள். ஒரு பக்கம் உருவாக அரை நொடி ஆனால், நொடிக்கு 10 பக்கம். சாதாரண நாளில் தாராளம். பரபரப்பான செய்தி ஒன்று குழுக்களில் பரவி நிமிடத்துக்கு 1,200 பேர் வந்தால் நொடிக்கு 20 கோரிக்கை. வரிசை நீள்கிறது, தளம் தொங்குகிறது. பதற்றத்தில் யாரோ வேலையாட்களின் எண்ணிக்கையை 40 ஆக்குகிறார்கள். 40 பெருக்கல் 60, 2,400 எம்பி. அவ்வளவு நினைவகம் இல்லை. லினக்ஸ் மூச்சு முட்டும்போது, அதிக நினைவகம் பிடித்திருக்கிற செயல்முறையைத் தேடிப்பிடித்துக் கொல்லும். அது பெரும்பாலும் தரவுத்தளமாக இருக்கும். அதுவரை மெதுவாகத் திறந்த தளத்தில் இப்போது ‘தரவுத்தளத்துடன் இணைப்பு ஏற்படுத்த முடியவில்லை’ என்ற ஒற்றை வரி மட்டும்.

வேலையாட்களைக் கூட்டுவதைவிட, அவர்களிடம் போகாமலே பதில் சொல்வது நல்லது. என்ஜினெக்ஸின் கேஷை, அதாவது உருவான பக்கத்தின் தற்காலிக நகலை, 60 நொடிக்கு வைத்தாலே அந்த 1,200 கோரிக்கைக்கு ஒரு முறைதான் பக்கம் உருவாக்கப்படும். உள்நுழைந்திருக்கிற ஆசிரியர்களுக்கு மட்டும் கேஷ் பொருந்தாதபடி, உலாவி வைத்திருக்கும் அடையாளக் குறிப்பான குக்கியைப் பார்த்து விலக்கு வைக்க வேண்டும். மறந்தால் ஒருவருடைய நிர்வாகப் பட்டை ஊருக்கே தெரியும். கேஷ் ஆயுளை மணிக்கணக்கில் நீட்டுவது செய்தித் தளத்துக்கு ஆகாது. பெயரைத் தவறாகப் போட்டுவிட்டுத் திருத்தினால், செய்திப் பக்கம் மட்டும் மாறி, முகப்பிலும் பிரிவுப் பக்கத்திலும் புதிய செய்திகளைத் தானாகத் தருகிற ஆர்எஸ்எஸ் ஓடையிலும் பழைய பிழை அப்படியே நிற்கும்.

இந்தக் கேஷ் இன்னொரு வேலையும் காட்டும். காலை 6 மணிக்கு வெளியாக வேண்டும் என்று நேரம் குறித்து வைத்த செய்தி 8 மணி வரை வராமல் போகலாம். வேர்ட்பிரஸுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் ‘நிலுவையில் ஏதாவது இருக்கிறதா’ என்று பார்க்கும். வாசகர்கள் எல்லோருக்கும் கேஷே பதில் சொல்லிவிட்டால் வேர்ட்பிரஸ் விழிக்கவே விழிக்காது. உள்ளே இருக்கும் அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்குகிற, சர்வரின் கிரான் வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்க வைத்தால் தீர்ந்தது.

பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. வழக்கமான ஆயுள் 90 நாள். செர்ட்பாட் என்ற நிரல் அதைத் தானே புதுப்பிக்கும் என்பதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு விதமாகக் கெடும். பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ சர்வரின் 80-ஆம் போர்ட் என்ற நுழைவழியை மூடிவிட, சரிபார்ப்பு நடக்காமல் போகும். அல்லது புதிய சான்றிதழ் வட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். என்ஜினெக்ஸை மறு ஏற்றம் செய்யாததால் அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் ‘எல்லாம் சரியாக இருக்கிறதே’ என்று பதிவேடு சாதிக்கும். ஆகவே சான்றிதழின் கெடுவை வெளியிலிருந்து கவனிக்கிற கண்காணிப்பு ஒன்று வேண்டும்.

தமிழில் எழுதினால் மட்டும் வரும் சிக்கல்கள்

ஆங்கிலக் கையேடுகளில் இவை இருக்காது. முதலாவது, செய்தியின் முகவரி. ‘குடிநீர்க் குழாய் உடைந்து மூன்று நாள்’ என்று தலைப்பு வைக்கிறீர்கள். வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். ஆனால் முகவரிக்கு ஒதுக்கிய இடம் 200 குறிகள்தான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். ‘கு’ என்பதே க, உகரக் குறி என்று இரண்டு, 18 இடம். ‘குடிநீர்க்’ 10 குறி, 90 இடம். ‘குழாய்’ 54. இடைக்கோடுகள் 2. இதுவரை 146. மிச்சம் 54-இல் ஆறு குறிகள் மட்டும் நுழையும். ‘உடைந்து’ ஏழு குறி. கடைசி உகரம் வெட்டுப்பட்டு, முகவரி ‘குடிநீர்க்-குழாய்-உடைந்த’ என்று முடியும். அடுத்த வாரம் ‘குடிநீர்க் குழாய் உடைந்து பத்து நாள்’ என்று தொடர்செய்தி எழுதினால் அதே முகவரி மீண்டும் வந்து, வாலில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். அதை நகலெடுத்துக் குழுவில் போட்டால், பெரும்பாலும் சதவீதக் குறிகளின் சரம்தான் விழும். பார்க்கிறவர் மோசடி இணைப்போ என்று தயங்குவார்.

இதற்கு இரண்டு வழி. ஒவ்வொரு செய்திக்கும் சுருக்கமான ரோமன் எழுத்து முகவரியைக் கையால் தருவது; அல்லது ஆண்டு, மாதம், செய்தி எண் என்று எண்களாலேயே முகவரி அமைப்பது. வேலை நெருக்கடியில் முதலாவதை மறப்பார்கள் என்பதால் இரண்டாவதே மேல். எதுவானாலும் முதல் செய்தி வெளியாகும் முன் முடிவெடுக்க வேண்டும். பிறகு மாற்றினால், வெளியே பகிரப்பட்ட ஒவ்வொரு இணைப்புக்கும் திசைமாற்றம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, தேடல். வேர்ட்பிரஸின் உள்தேடல் எழுத்துச் சரத்தைத்தான் ஒப்பிடும். ‘ஏரி’ என்று தேடினால் ‘ஏரியில்’ கிடைக்கும். ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’ கிடைக்காது, சொல்லே உருமாறிவிடுகிறது. வேர்ச்சொல் தெரிந்த தேடுபொறி அமைப்பது பெரிய வேலை. அதற்குப் பதில், இடப்பெயரும் பொருளும் எழுவாய் வடிவில் குறிச்சொல்லாக வைக்கப்பட வேண்டும் என்று ஆசிரியர் மேசையில் ஒரு விதி போட்டாலே பாதித் தொல்லை தீரும். குறிச்சொல் பக்கங்களே தேடலின் வேலையைச் செய்யும். ஒகரக் குறியிலும் ஒரு மறைகுழி உண்டு. அது யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய செய்தி தேடலில் அகப்படாததற்கு இது ஒரு காரணம். சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரல் போட்டுவிடலாம்.

தரவுத்தளம், நான்கு பைட் குறிகளையும் ஏற்கிற யூடிஎஃப்8எம்பி4 அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மூன்று பைட் அமைப்பில் தமிழ் சரியாக வரும். எவரேனும் ஒரு இமோஜி போட்டால் அந்த இடத்தோடு வாக்கியம் துண்டாகலாம், அல்லது சேமிப்பே நடக்காமல் போகலாம்.

யார் வெளியிடலாம்

வேர்ட்பிரஸில் ஐந்து பொறுப்புகள் உண்டு. சமூக நிருபர்களுக்குப் பங்களிப்பாளர் பொறுப்பைத் தருவது வழக்கம்: எழுதலாம், வெளியிட முடியாது. சரியான ஏற்பாடுதான். ஆனால் இயல்பு நிலையில் பங்களிப்பாளரால் படமும் ஏற்ற முடியாது. இது தெரியாமல் நிருபர் படத்தை வேறு வழியில் அனுப்ப, அது சுருங்கி, தலைப்பில்லாமல், யார் எடுத்தது என்ற குறிப்பில்லாமல் வந்து சேரும். பதிவேற்றும் அனுமதியை மட்டும் அந்தப் பொறுப்புக்குச் சேர்த்துக் கொடுங்கள். அதற்காக எல்லோரையும் எழுத்தாளர் நிலைக்கு உயர்த்தினால், யார் வேண்டுமானாலும் தானே வெளியிடலாம் என்றாகிவிடும். நிர்வாகி கணக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவர்களும் அன்றாடம் செய்தி எழுத ஆசிரியர் கணக்கைப் பயன்படுத்தட்டும். எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு.

வேகம் கூடும் என்று யாராவது திருத்த வரலாற்றை அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு செய்தி எந்த நேரத்தில் என்ன சொன்னது என்று கேள்வி எழும் நாளில் கையில் இருக்கும் சாட்சி அதுதான். பிழையான செய்தியை அழிக்கவும் கூடாது. அதே முகவரியில், என்ன தவறு, எப்போது திருத்தப்பட்டது என்று எழுதி நிறுத்துவதே முறை. கருத்துப் பகுதியைப் பொறுத்தவரை, படித்து அனுமதிக்க ஆள் இருந்தால் திறக்கலாம். இல்லையென்றால் மூடியே இருக்கட்டும்.

படங்களில் இரண்டு விஷயம். கைபேசிப் படம் ஒன்று 4 எம்பி. வேர்ட்பிரஸ் அதிலிருந்து ஐந்தாறு அளவுகளில் நகல் எடுக்கும், அசலையும் வைத்துக்கொள்ளும். ஒரு படத்துக்கு 6 எம்பி என்றால், நாளுக்கு 10 படம், ஆண்டுக்கு 22 ஜிபி. வட்டு நிரம்பினால் முதலில் படுப்பது தரவுத்தளம். ஏற்றும் முன்பே 1,600 பிக்சல் அகலத்துக்கு, 250 கேபி அளவுக்குக் குறைத்தால் இந்தக் கணக்கு பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது விஷயம் இதைவிடக் கனமானது: படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். பெயர் சொல்ல விரும்பாதவர் வீட்டு முற்றத்தில் எடுத்த படம் அவர் முகவரியைச் சொல்லிவிடும். தளம் அதைத் தானே நீக்கிவிடும் என்று நம்பாமல், எக்ஸிஃப்டூல் என்ற நிரல் கொண்டு முன்கூட்டியே துடைத்துவிட வேண்டும்.

மறைவாகத் தகவல் தருகிறவர்களுக்கென்று செக்யூர்டிராப் போன்ற திறமூல ஏற்பாடு இருக்கிறது. அதற்குத் தனிக் கணினிகளும் அவற்றைக் கட்டுப்பாட்டோடு கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். சிறு குழுவால் தாங்காது. அரைகுறையாக நடத்துவதைவிட சிக்னல் என்ற குறியாக்கச் செயலியின் எண் ஒன்றைத் தருவது நேர்மையானது. தளத்தின் ‘தொடர்புக்கு’ படிவத்தைத் துப்பு கொடுக்கும் வழியாக ஒருபோதும் விளம்பரப்படுத்தாதீர்கள். அனுப்பியவரின் ஐபி முகவரி தரவுத்தளத்திலும் சர்வர் பதிவேட்டிலும் தங்கக்கூடும்.

மின்னஞ்சல்

சர்வரிலிருந்து நேரடியாக மடல் அனுப்ப முயல வேண்டாம். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் 25-ஆம் போர்ட்டை மூடியே தருகின்றன. திறந்து தந்தாலும் புதிய ஐபி முகவரியை யாரும் நம்புவதில்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் அனுப்புகிறவர் உண்மையானவர்தான் என்று காட்டும் டொமைன் பதிவுகளான எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கேட்கின்றன. ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும், குப்பை என்று புகார் சொல்கிறவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. ஜிமெயில் கணக்கில் மொத்தம் என்பது நாளுக்கு 5,000 அஞ்சல். அடிக்கடி நடக்கும் பிழை: அலுவல் அஞ்சலுக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவு, மடல் சேவைக்கு இன்னொன்று என்று இரண்டு போடுவது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. சேர்த்து ஒரே வரியாக எழுத வேண்டும்.

எல்லாம் போன பிறகு மிஞ்சுவது

1999 நவம்பரில் சியாட்டில் நகரில் உலக வர்த்தக அமைப்பு கூடியபோது பிறந்த இண்டிமீடியா என்ற சுயேச்சைச் செய்தி வலையமைப்பு, சிட்னி நிரலாளர்கள் எழுதிய திறமூல மென்பொருளில் ஓடியது. யார் வேண்டுமானாலும் செய்தி போடலாம் என்ற முறையைப் பல நாடுகளுக்குப் பரப்பியது. 2004 அக்டோபர் 7 அன்று லண்டனில் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு சர்வர்கள் அதன் கையைவிட்டுப் போயின. இருபதுக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே நாளில் இருண்டன. நிரல் எல்லோரிடமும் இருந்தது. மற்றதெல்லாம் அந்த இரண்டு பெட்டிகளுக்குள்.

பேக்அப் என்றால் குறைந்தது மூன்று பொருட்கள்: தரவுத்தளத்தின் முழு நகல், படங்கள் உள்ள கோப்புறை, சர்வர் அமைப்புக் கோப்புகள். இரவுதோறும் ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்அப் நிரல் மூலம் குறியாக்கம் செய்து வேறு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு அனுப்பலாம். தளத்தின் சர்வருக்கு அங்கே சேர்க்க மட்டும் அனுமதி இருக்கட்டும், அழிக்க வேண்டாம். சர்வருக்குள் நுழைந்தவன் அடுத்து தேடுவது பேக்அப்பைத்தான். குறியாக்கச் சாவியை அதே சர்வரில் மட்டும் வைத்திருப்பது, பூட்டிய வீட்டின் சாவியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வருவது போல.

டொமைன் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். ஆர்வத்தில் முதலில் வாங்கியவர் பெயரில் அல்ல. டொமைனை விற்ற பதிவாளரிடம் கொடுத்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது: டொமைன் காலாவதியானால் அஞ்சலும் நிற்கும், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் வராது, கடவுச்சொல்லை மீட்கவும் முடியாது. டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றில் பதிவாளர் நீக்கிய பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம் கடுமை. அதற்குப் பின் 5 நாள். பிறகு யாரும் வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறவர் பெரும்பாலும் சூதாட்ட விளம்பரக்காரராக இருப்பார். பழைய இணைப்புகள் எல்லாம் அவர் கடைக்குப் போகும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தளத்தை அமைத்தவரை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொருவரிடம் அந்தத் தாளையும் ஒரு வெற்று சர்வரையும் கொடுத்து, நேற்றைய பேக்அப்பிலிருந்து தளத்தை எழுப்பச் சொல்லுங்கள். முதல் முறை கோப்புகளும் தரவுத்தளமும் ஒருவழியாக வந்து சேரும். கடைசியில் டொமைனைப் புது சர்வருக்குத் திருப்பும் இடத்தில்தான் வேலை நிற்கும்: பதிவாளர் தளம் ஆறு இலக்க எண் கேட்கும், அது குழுவை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவரின் கைபேசிக்குப் போகும்.